குடிநோய்ச் சிகிச்சை

குடிநோய்ச் சிகிச்சை என்பது மதுவைச் சார்ந்து வாழும் நிலைக்கு ஆட்பட்டவரின் உடலையும் மனத்தையும் சீர்செய்து, அவர் மதுவின்றி வாழ உதவும் மருத்துவ, உளவியல், சமூக முறைகளின் தொகுப்பாகும். குடியை நிறுத்துவது இதன் முதற்கட்டம் மட்டுமே. நிறுத்தும்போது ஏற்படும் உடல் ஆபத்துகளைத் தவிர்த்தல், உடனிருக்கும் மனநோய்களைக் கண்டறிதல், மீண்டும் குடிக்கத் தொடங்காமல் காத்தல் ஆகியனவும் இதில் அடங்கும்.

நோயைக் கண்டறிதல்

குடிப்பவர் அனைவரும் குடிநோயாளிகள் அல்லர். குடிக்கும் அளவைக் கட்டுப்படுத்த இயலாமை, அடக்கமுடியாத வேட்கை, நாளடைவில் அதே போதைக்குக் கூடுதல் மது தேவைப்படுதல், நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை போன்றவை தோன்றுதல் ஆகியன இந்நோயின் முதன்மை அறிகுறிகள். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட வகைப்பாடு 11 அளவுகோல்களைத் தருகிறது. ஓராண்டுக் காலத்தில் இவற்றில் இரண்டேனும் காணப்பட்டால் நோய் இருப்பதாகவும், ஆறோ அதற்கு மேலோ காணப்பட்டால் கடுமையானதாகவும் கொள்ளப்படும். உலக சுகாதார அமைப்பு உருவாக்கிய 10 வினாக்கள் கொண்ட படிவமும் பரவலாகப் பயன்படுகிறது.

நச்சுநீக்கம்

நீண்டகாலம் மிகுதியாகக் குடித்தவரின் மூளை, மதுவின் அமைதிப்படுத்தும் விளைவை ஈடுசெய்யும் வகையில் தன்னை மாற்றிக்கொள்கிறது. மது திடீரென நின்றால் நரம்பு மண்டலம் மிகையாகத் தூண்டப்படுகிறது. இவ்விளைவுகள் பொதுவாகப் பின்வரும் வரிசையில் தோன்றுகின்றன.

- 6 முதல் 24 மணிநேரத்தில்: நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை.
- 6 முதல் 48 மணிநேரத்தில்: சிலருக்கு வலிப்பு.
- 48 முதல் 96 மணிநேரத்தில்: சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் எனும் பிதற்றல் நிலை. இதில் மனக்குழப்பம், இல்லாதவை கண்ணுக்குத் தெரிதல், காய்ச்சல், இரத்த அழுத்த உயர்வு ஆகியன ஏற்படும். சிகிச்சையின்றி விட்டால் உயிரிழப்பு நேரலாம்.

எனவே முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ கண்டவர்களும், நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர்களும் மருத்துவக் கண்காணிப்பின்றி வீட்டில் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. மருத்துவமனையில் டையசிபாம், குளோர்டையசிபாக்சைடு போன்ற மருந்துகள் கொடுக்கப்பட்டுச் சில நாட்களில் படிப்படியாகக் குறைக்கப்படுகின்றன. கல்லீரல் பழுதுற்றவர்களுக்கு லோரசிபாம் விரும்பப்படுகிறது.

குடிநோயாளிகளிடம் தயாமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 குறைபாடு மிகுதி. இதனால் மனக்குழப்பம், கண்ணசைவுக் கோளாறு, தள்ளாட்டம் ஆகியன கொண்ட வெர்னிக்கி மூளைநோய் ஏற்படலாம். கவனிக்காவிட்டால் இது நிரந்தர நினைவிழப்பில் முடியக்கூடும். தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் போதை என்று கருதிவிடும் வாய்ப்பு உள்ளதால் இந்நோய் அடிக்கடி தவறவிடப்படுகிறது. குளுக்கோசு ஏற்றுவதற்கு முன்போ அதனுடனோ தயாமின் ஊசி கொடுப்பது வழக்கம்.

மீண்டும் குடிப்பதைத் தடுக்கும் மருந்துகள்

- டைசல்பிராம்: டென்மார்க்கில் 1940களில் இதன் விளைவு அறியப்பட்டது. இது மது சிதையும் வழியைத் தடுப்பதால், குடித்தவுடன் முகம் சிவத்தல், வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியன ஏற்படும். மருந்தை நிறுத்திய பின்னும் இரு வாரங்கள் வரை இவ்விளைவு நீடிக்கலாம்.
- நால்ட்ரெக்சோன்: மது தரும் இன்பவுணர்வைக் குறைக்கிறது. அமெரிக்காவில் 1994 இல் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது. அபின் வகை மருந்து உட்கொள்பவர்களுக்குத் தரலாகாது.
- அகாம்புரோசேட்: குடியை நிறுத்தியவர் அந்நிலையில் நீடிக்க உதவுகிறது. கடுமையான சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஏற்றதன்று.

நோயாளிக்குத் தெரியாமல் உணவில் டைசல்பிராமைக் கலந்து கொடுப்பது சில குடும்பங்களில் காணப்படுகிறது. மருந்து உட்கொண்டதை அறியாதவர் வழக்கம்போல் குடித்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். இம்மருந்து நோயாளியின் ஒப்புதலுடன், இதயம், கல்லீரல் ஆகியவற்றைச் சோதித்த பின்னரே தரப்பட வேண்டும்.

உடனிருக்கும் மனநோய்கள்

மனச்சோர்வு, பதகளிப்பு, இருமுனையப் பிறழ்வு ஆகியன குடிநோயுடன் சேர்ந்தே காணப்படுவதுண்டு. சிலர் மனச்சோர்வைத் தணிக்கக் குடிக்கின்றனர். சிலருக்குக் குடியே மனச்சோர்வை உண்டாக்குகிறது. குடியால் விளைந்த மனச்சோர்வு பெரும்பாலும் மூன்று, நான்கு வாரங்கள் குடியாதிருந்தால் தணியும். அதன் பின்னும் நீடித்தால் தனி நோயாகக் கொண்டு சிகிச்சையளிக்கப்படுகிறது. தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கு இக்காத்திருப்பு பொருந்தாது. உடனடிக் கவனிப்பு தேவை.

"முதலில் குடியை விட்டுவிட்டு வாருங்கள்" என்று மனநலப் பிரிவும், "முதலில் மனநோயைக் குணப்படுத்திக்கொண்டு வாருங்கள்" என்று மதுமீட்புப் பிரிவும் திருப்பி அனுப்பினால் நோயாளி இரண்டுக்கும் நடுவே கைவிடப்படுகிறார். எனவே ஒரே மருத்துவக் குழு இரண்டையும் ஒருங்கே கவனிக்கும் ஒருங்கிணைந்த சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

உளவியல், சமூக முறைகள்

நோயாளியைக் கடிந்துகொள்ளாமல், மாறவேண்டும் என்னும் எண்ணத்தை அவரிடமிருந்தே வெளிக்கொணரும் ஊக்க நேர்காணல் முறையை வில்லியம் மில்லர் 1983 இல் விவரித்தார். குடிக்கத் தூண்டும் சூழல்களை இனங்கண்டு எதிர்கொள்ளப் பயிற்றுவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. கோவாவில் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வொன்றில், மருத்துவப் பட்டம் பெறாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்களின் சுருக்கமான ஆலோசனையும் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் பயனளித்தது கண்டறியப்பட்டது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எனும் தன்னுதவி அமைப்பு 1935 இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகரில் தோன்றியது. குடியிலிருந்து மீண்டவர்களே இதன் கூட்டங்களை நடத்துகின்றனர். குடும்பத்தினருக்கான அல்-அனான் 1951 இல் தொடங்கப்பட்டது.

இந்தியாவில்

2019 இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடிப் பேர் என மதிப்பிட்டது. மதுவைச் சார்ந்துவிட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகவும், 180 பேருக்கு ஒருவரே மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றதாகவும் அவ்வாய்வு தெரிவித்தது.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980 இல் நிறுவிய டி. டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. பெங்களூரின் நிம்ஹான்சும் இச்சிகிச்சையை வழங்குகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மது, போதைப்பொருள் பயன்பாட்டால் ஏற்படும் மனநிலைகளையும் மனநோய் வரையறையில் சேர்த்துள்ளது. நோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதையும் தடைசெய்கிறது.

மீள்குடி

சிகிச்சைக்குப் பின் மீண்டும் குடிப்பது பலரிடம் காணப்படுகிறது. நீரிழிவு, ஆஸ்துமா போன்றவற்றைப் போலவே குடிநோயும் நீண்டகாலக் கவனிப்பு தேவைப்படும் நோயாகக் கருதப்படுவதால், மீள்குடியைச் சிகிச்சையின் தோல்வியாகவோ நோயாளியின் ஒழுக்கக் குறையாகவோ கொள்ளாமல், சிகிச்சையைத் திருத்தித் தொடர வேண்டிய தருணமாக மருத்துவர்கள் கொள்கின்றனர்.

இவற்றையும் பார்க்க

- கல்லீரல் இழைநார் வளர்ச்சி
- மனச்சோர்வு
- மதுவிலக்கு