வில்வப்பழமும் மர்மலேடும்

ரொட்டியில தடவிச் சாப்பிடுற மர்மலேடுக்கும் சிவன் கோயில் வில்வத்துக்கும் ஒரு சொந்தம் இருக்குன்னா நம்புவீங்களா? வில்வத்தோட தாவரவியல் பேர் ஏகிள் மார்மெலோஸ். போர்த்துகீசிய மொழியில 'மார்மெலோ'ன்னா குவின்ஸ் பழம். அதைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சினா 'மார்மெலாடா'. அதுதான் பின்னாடி மர்மலேடு ஆச்சு.

அந்த ஊர்ப் பேர் இந்த ஊர்ப் பழத்துக்கு எப்படி வந்துச்சு? எல்லாம் வயித்துப்போக்கால வந்தது :)

கார்சியா த ஓர்டா என்ற போர்த்துகீசிய மருத்துவர் 1534-ல் கோவாவுக்கு வந்தார். 1563-ல் அங்கேயே அச்சான தன் நூலில் வில்வத்தை 'வங்காளத்து மார்மெலோ' என்று குறிப்பிட்டு, வயிற்றுப்போக்குக்கு அதைக் கொடுப்பதையும் எழுதினார். 1753-ல் லின்னேயஸ் அந்தப் பேரையே தாவரவியலில் ஏற்றிவிட்டார். முன்னால இருக்கிற 'ஏகிள்' 1800-ல் கொரேயா சேர்த்தது.

ஆனா பேரை விட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. வில்வக்காய் துவர்ப்பு, போக்கைக் கட்டும். நல்லா கனிஞ்ச பழம் இனிப்பு, மலத்தை இளக்கும். ஒரே மரம், ஒரே காய், ஆனா வேலை நேர் எதிர்! எந்தப் பருவத்துல பறிக்கணும்கிறதுதான் இங்கே வைத்தியமே.

வெள்ளைக்காரங்க இதைச் சரியாப் பிடிச்சாங்க. 1867 பிரிட்டிஷ் மருந்துநூலில் வில்வம் இடம்பிடித்தபோது, அரைப்பழுப்பாகப் பறித்து உலர்த்திய காய் என்றுதான் குறித்தார்கள். திருவிதாங்கூரில் மருத்துவராக இருந்த எட்வர்ட் வாரிங் தொகுத்த 1868 இந்திய மருந்துநூலிலும் வில்வம் உண்டு.

அதுக்காக இதைச் சர்வரோக நிவாரணின்னு சொல்லலை. சீதபேதியை உண்டாக்கும் அமீபா 1875-லயும், ஷிகெல்லா கிருமி 1897-லயும்தான் தெரிய வந்துச்சு. துவர்ப்பு போக்கைக் குறைக்கலாம், ஆனா உடம்புல வத்திப்போன தண்ணியையும் உப்பையும் திருப்பித் தராது. பேதியில ஆளைக் கொல்றது அந்த இழப்புதான். 1971-ல் வங்காள எல்லையில் இருந்த அகதி முகாமில், காலராவில் விழுந்தவர்களைத் திலீப் மகலநாபிஸ் காப்பாற்றியது உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரால்தான்.

இப்போ "வயித்துக்கு வில்வம் நல்லது"ன்னு ஒரே வரியில முடிச்சுடுறாங்க. நானூறு வருஷத்துக்கு மேல ஏட்டுல ஏறின அறிவுல பாதியை அந்த ஒரு வரி முழுங்கிடுது. அடுத்த தடவை யாராவது வில்வப்பொடியை நீட்டினா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: காயா, பழமா?