தலைப்புச் செய்தியும் தலைவிதியும்

நாளேட்டுக்கு ஆயுள் ஒரு நாள்தான். காலையில் காப்பியோடு மதிப்புப் பெறும் பத்திரிகை, மாலையில் கடலைப் பொட்டலமாகிவிடுகிறது. ஆயினும் சில தலைப்புகள் பொட்டலத்தோடு போய்விடுவதில்லை. சரித்திரம் அவற்றைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்கிறது. அவை மெய்யாக இருந்தமைக்காக அன்று, பொய்த்துப் போனமைக்காக. அத்தகைய பழைய தலைப்புகள் சிலவற்றை இங்கே புரட்டிப் பார்ப்போம். அச்சில் ஏறியதெல்லாம் அப்படியே பலித்திருந்தால் உலகம் என்ன ஆகியிருக்கும் என்று சற்றே கற்பனையும் செய்வோம்.

1903-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் தேதி, லாங்லி என்ற அமெரிக்க விஞ்ஞானி அரும்பாடுபட்டுச் செய்த பறக்கும் யந்திரம், கிளம்பிய மாத்திரத்தில் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. இரண்டு நாள் கழித்து 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை, பறக்காத பறக்கும் யந்திரங்களைப் பற்றி ஒரு தலையங்கம் தீட்டிற்று. மெய்யாகவே பறக்கக்கூடிய யந்திரம் உருவாகப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டு வரை ஆகலாம் என்று அதில் கணக்கும் கூறிற்று. நம் ஊர் ஜோசியர்கள்கூட இவ்வளவு தாராளமாகக் கெடு கொடுப்பதில்லை. அந்தக் கெடுவில் 69 நாட்களே கழிந்திருந்தன. டிசம்பர் 17-ஆம் தேதி கிட்டி ஹாக் என்ற ஊருக்கு அருகே ரைட் சகோதரர்களின் விமானம் பறந்தது. முதல் முறை பறந்தது 12 விநாடிதான். 120 அடி தூரந்தான். ஆனால் ஒரு கோடி ஆண்டை முறியடிக்க அது போதுமாயிருந்தது.

சகோதரர் இருவரும் அத்தலையங்கத்தைப் படித்துவிட்டு, பெரியோர் வாக்குக்கு எதிர்வாக்கு உண்டோ என்று பணிந்து, டேட்டன் நகரில் இருந்த தங்கள் சைக்கிள் கடைக்கே திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உலகத்துக்கு நல்ல சைக்கிள்கள் சில கூடுதலாகக் கிடைத்திருக்கும். தில்லித் தமிழரோ, தங்கையின் திருமணமே ஆனாலும், புளியோதரை மூட்டையோடு ரயிலேறி, வழியில் இரவுகளைக் கழித்தே சென்னை சேர வேண்டியிருந்திருக்கும். விமானம் எப்பொழுது வரும் என்று கேட்டால், பத்து லட்சம் ஆண்டில் வந்துவிடும் என்று ஆறுதலும் கிடைத்திருக்கும்.

அதே பத்திரிகை 1920-ஆம் ஆண்டு ஜனவரியில் ராக்கெட்டின் பக்கம் திரும்பியது. காற்றில்லாத வெளியில் ராக்கெட் செல்லும் என்று கருதிய கோடார்டு என்ற பேராசிரியருக்குப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த பௌதிகமும் தெரியவில்லை என்று அது எள்ளி நகையாடிற்று. கோடார்டு மறுமொழியைச் செயலில் காட்டினார். 1926-இல் திரவ எரிபொருளால் இயங்கும் ராக்கெட்டை முதன்முதலாகச் செலுத்தினார். 1945-இல் காலமானார். 1969 ஜூலை 16-ஆம் தேதி மூன்று மனிதர்கள் சந்திரனை நோக்கிப் புறப்பட்டார்கள். மறுநாள் பத்திரிகை, ராக்கெட் வெற்றிடத்திலும் இயங்கும் என்று ஒப்புக்கொண்டு, தன் பிழைக்கு வருத்தம் தெரிவித்தது. திருத்தம் வந்து சேர 49 ஆண்டு ஆயிற்று. அதைப் படிக்க வேண்டியவர் மறைந்து 24 ஆண்டு ஆகியிருந்தது. பிழை ஒரே இரவில் பரவுகிறது. திருத்தமோ மாட்டு வண்டியில் வருகிறது.

இனி 1948-ஆம் ஆண்டு. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ட்ரூமன் தோற்பார், டூயி வெல்வார் என்று கருத்துக் கணிப்பாளர் அனைவரும் ஒரே குரலில் கூறிவந்தனர். 'சிகாகோ டெய்லி டிரிப்யூன்' பத்திரிகையில் அப்போது அச்சுக் கோப்போர் வேலைநிறுத்தம். அதனால் வழக்கத்துக்குச் சில மணி நேரம் முன்னதாகவே பக்கங்களை முடித்தாக வேண்டிய நெருக்கடி. வாக்குகள் எண்ணப்படுகையிலேயே, டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார் என்ற கொட்டை எழுத்துத் தலைப்போடு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பிரதிகள் வெளிப்போந்தன. எண்ணி முடித்தபோது, தேர்வாளர் வாக்குகளில் ட்ரூமனுக்கு 303, டூயிக்கு 189. செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் வண்டியின் பின்புறத்து மேடையில் நின்றுகொண்டு, அந்தப் பத்திரிகையை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்து ட்ரூமன் சிரித்த சிரிப்பு இன்றும் படத்தில் இருக்கிறது.

அச்சுக்கே அதிகாரம் என்று வைத்துக்கொள்வோம். டூயி மூட்டை முடிச்சுகளோடு வெள்ளை மாளிகை வாயிலுக்கு வருகிறார். வாயிற்காவலர் வாக்குக் கணக்கைக் கேட்கிறார். இவர் பத்திரிகையை நீட்டுகிறார். உள்ளே இருப்பவரோ வெளியேற மறுக்கிறார். கோமுட்டி சாட்சி சொன்ன கதையாக, இரு பக்கமும் பேசக்கூடிய ஒரே சாட்சி மறுநாள் பத்திரிகைதான்!

இதுவரை நகைத்தோம். எல்லாப் பிழையும் நகைப்புக்கு உரியதன்று. 1912 ஏப்ரல் 15-ஆம் தேதி 'பால்டிமோர் ஈவ்னிங் சன்' பத்திரிகை, டைட்டானிக் கப்பலின் பிரயாணிகள் அனைவரும் நலம் என்று தலைப்பிட்டது. அன்று அதிகாலையிலேயே கப்பல் மூழ்கிவிட்டது; ஏறக்குறைய 1,500 பேர் மாண்டிருந்தனர். கம்பியில்லாத் தந்தியில் குழம்பி வந்த செய்திகளோடு, அப்படியே இருக்கக் கூடாதா என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது. அந்தத் தலைப்பைக் கண்டு கண்ணீரைத் துடைத்துக்கொண்ட குடும்பங்கள் அடுத்த நாள் எவ்வாறு துடித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. விமானத்தில் தவறிய 'நியூயார்க் டைம்ஸ்' இங்கே தவறவில்லை. அபாய அறிவிப்புக்குப் பின் கப்பலின் தந்தி அறவே ஓய்ந்துவிட்டதைக் கவனித்த அதன் நிர்வாக ஆசிரியர் வான் ஆண்டா, கப்பல் போயிற்று என்று துணிந்தார். மௌனத்தையும் படிக்கத் தெரிந்தவர் அவர்.

நம் நாடும் இதற்கு விலக்கன்று, வானொலியும் விலக்கன்று. 1979 மார்ச் மாதத்தில், ஜயப்பிரகாச நாராயணர் பம்பாயில் நோயுற்றுக் கிடந்தபோதே, அவர் மறைந்துவிட்டதாகப் பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். வானொலி அதை நாடெங்கும் ஒலிபரப்பியது. சபை ஒத்திவைக்கப்பட்டது, பள்ளிகளும் கடைகளும் மூடப்பட்டன. பின்னர் இச்செய்தியைக் கேள்வியுற்ற ஜே.பி. புன்னகை புரிந்தார். தமக்கு நாடு செலுத்தும் அஞ்சலியைத் தாமே அறிந்துகொண்டு, அதன்பின் அக்டோபர் 8 வரை வாழ்ந்த பேறு யாருக்கு வாய்க்கும்!

இப்பிழைகளுக்கெல்லாம் வேர் ஒன்றே. தெரிந்ததைச் சொல்வதற்கும் முந்திச் சொல்வதற்கும் இடையே நடந்த போட்டியில் முந்துதல் வென்றது. இதில் ஊரை விட்டு வந்தோர்க்கு ஒரு தனிப் பங்கு உண்டு. சொந்த ஊரில் இருப்பவன் ஐயம் எழுந்தால் தெருக்கோடிக்குச் சென்று விசாரித்துக்கொள்வான். பம்பாயிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் வாழ்பவர்க்குச் செய்திதான் தெரு. அதுவே திண்ணையும் ஆகும். ஊரில் வெள்ளம் என்ற ஒரு வரி அவர்களுடைய இரவுத் தூக்கத்தைப் பறித்துவிட வல்லது.

சென்னைப் பத்திரிகை ரயிலேறித் தில்லி வந்து சேர்ந்த காலத்தில், பழஞ்செய்தி என்று குறைபட்டுக்கொண்டோர் பலர். ஆனால் அந்தத் தாமதத்திலும் ஒரு நன்மை இருந்தது. தலைப்பு வந்து சேருமுன் அதன் மறுப்பும் பல வேளை காதுக்கு எட்டிவிட்டிருக்கும். இன்று செய்தி நொடியில் கைக்கு வருகிறது. மறுப்போ இன்னும் அதே மாட்டு வண்டியில்தான் வருகிறது. ஆதலால் கொட்டை எழுத்தைக் கண்டவுடன் கலங்காமல், மறுநாள் சிறிய எழுத்தில் வருவதையும் தேடிப் படிப்பது நலம்.