இலை போடும் முன்னே சோறு: தொடக்க ஸ்கிரிப்ட்களின் கதை

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. வீட்டுப் பொட்டியில இருந்த ஃப்ரீபிஎஸ்டியைத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டேன். போட்டோ எல்லாம் இருந்த வன்தட்டுகளில் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை. அதனால கவலையே இல்லை. சோதனைக்கு ஒரு தற்காலிக இடத்தில் இம்போர்ட் செஞ்சு பார்த்தேன், எட்டு வருஷப் படமும் அப்படியே இருந்துச்சு. ஆஹான்னு சொல்லி பழைய ஆர்சி.லோக்கல் ஸ்கிரிப்டையும் புது லினக்ஸுக்குக் கொண்டுவந்து வச்சு, பொட்டியை ரீபூட் பண்ணேன். காபி குடிச்சிட்டு வந்து பார்த்தா, பேக்கப் டிஸ்க் சுத்தமா காலி!

என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தணும்.

ஆர்சிங்கிற பேரே பழைய சரக்கு. 1960களில் எம்ஐடியில் ஓடிய சிடிஎஸ்எஸ் இயங்குதளத்தில், கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வரிசையா ஓட்ட ரன்காம்னு ஒண்ணு இருந்தது. எழுதினவர் லூயி பூசான். அந்தப் பேரோட சுருக்கம்தான் யுனிக்ஸுக்கு ஆர்சின்னு வந்து சேர்ந்தது. பழைய யுனிக்ஸில் பொட்டி எழுந்திருக்கும்போது ஓடுறது அந்த ஒரே கோப்புதான். மேலே இருக்கிற வரி முதல்ல, கீழே இருக்கிற வரி அப்புறம். நம்ம சொந்தச் சேட்டைக்கு பிஎஸ்டியில் ஆர்சி.லோக்கல்.

சிஸ்டம் ஃபைவ் அந்த ஒரே கோப்பைப் பல துண்டாக்கி, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் ஒட்டியது. எஸ் 20 முதல்ல, எஸ் 35 பிறகு. கல்யாணப் பந்தியில "நான் இருபதாவது ஆள்"னு டோக்கன் வச்சுக்கிட்டு சோத்து வாளியோட நிக்கிற மாதிரி. இலை போடுறவருக்கு டோக்கன் 35ன்னு யாராவது மாத்திக் கொடுத்துட்டா? சோறு தரையிலதான் விழும். நம்பர் ஏன் 20ங்கிற காரணம் எழுதினவர் மனசில மட்டும்தான் இருக்கும்.

இதைச் சரியாகப் பிடிச்சது நெட்பிஎஸ்டி. லூக் மியூபர்ன் முன்நின்று செய்த வேலை, 2000 டிசம்பரில் 1.5 பதிப்போட வந்தது. நம்பரே கிடையாது. ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தலையில "நான் இதைத் தருவேன், எனக்கு இது வேணும்"னு கமெண்ட் வரியில எழுதி வச்சிருக்கும். ஆர்சிஆர்டர்ங்கிற சின்ன நிரல் அதையெல்லாம் படிச்சு வரிசையைத் தானே போட்டுக்கும். இலை போட்டாச்சான்னு கேட்டுட்டுத்தான் சோத்து வாளி நகரும். 2003ல ஃப்ரீபிஎஸ்டி 5.0 இதையே எடுத்துக்கிச்சு. லினக்ஸ் பக்கம் எல்எஸ்பி தலைப்பு வரிகள் இதே யோசனைதான். டெபியன் அதை நம்பி வரிசை போட ஆரம்பிச்சது 2011ல, பதிப்பு 6ல.

இப்ப நம்ம மேட்டர். சன் நிறுவனம் 2005ல சோலாரிஸ் மூலநிரலில் சேர்த்த இசட்எஃப்எஸ், 2008ல ஃப்ரீபிஎஸ்டி 7.0க்கும், 2013ல நிலையான பதிப்பாக லினக்ஸுக்கும் வந்தது. இதில் ஒரு அழகு உண்டு. எந்த அடைவில் மவுன்ட் ஆகணும்ங்கிற தகவல் எஃப்எஸ்டேப் கோப்பில் இல்லை, டிஸ்க்குக்குள்ளேயே இருக்கு. வன்தட்டைக் கழட்டி வேற இயங்குதளத்தில் மாட்டினாலும் கட்டளை அதேதான்: பூலை இம்போர்ட் பண்ணு, எல்லாத்தையும் மவுன்ட் பண்ணு.

ஆக 'எங்கே'ங்கிறது டிஸ்க்கோடவே வந்துடும். 'எப்போ'ங்கிறது வராது.

சோலாரிஸ் 10ல அது எஸ்எம்எஃப் கையில. ஃப்ரீபிஎஸ்டியில் ஆர்சி கையில. லினக்ஸில் ஊருக்கு ஒரு வழக்கம். லைசென்ஸ் ஒத்துவராததால இசட்எஃப்எஸ் லினக்ஸ் கர்னலுக்கு வெளியிலேயே நின்னுச்சு. அதனால தொடக்க ஸ்கிரிப்டையும் அதுவே சுமந்துக்கிட்டு வரவேண்டிய கட்டாயம். ஆரம்பத்தில் ஃபெடோராவுக்கு ஒண்ணு, ஜென்டூவுக்கு ஒண்ணு, ரெட் ஹேட்டுக்கு ஒண்ணுன்னு தனித்தனி. ஒண்ணுல பிழையைச் சரி பண்ணா மத்ததுல அது அப்படியே உட்கார்ந்திருக்கும்.

2015ல வந்த 0.6.5 பதிப்பில்தான் இதுக்கு ஒரு விடிவு. இம்போர்ட், மவுன்ட், ஷேர், நிகழ்வுகளைக் கவனிக்கும் டீமன்னு வேலைக்கு ஒரு ஸ்கிரிப்ட், மொத்தம் நாலு. நாலுக்கும் பொதுவா ஒரு ஃபங்ஷன் கோப்பு. டீமனை எப்படிக் கிளப்புறது, திரையில செய்தி எப்படிக் காட்டுறதுங்கிற ஊர் வழக்கமெல்லாம் அந்தப் பொதுக் கோப்புக்குள்ள அடக்கம். எந்த டிஸ்ட்ரோவில் ஓடுறோம்னு அதுவே பார்த்துப் பொருத்தமானதை எடுத்துக்கும். ஆனா வேடிக்கை பாருங்க, அதே 2015லதான் டெபியனும் உபுண்டுவும் சிஸ்டம்டிக்கு மாறினாங்க. அதுக்குத் தனி யூனிட் கோப்புகள். 2020ல ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.0 வந்து லினக்ஸுக்கும் ஃப்ரீபிஎஸ்டிக்கும் மூலநிரலே ஒண்ணாச்சு. தொடக்க ஸ்கிரிப்ட் மட்டும் இன்னிக்கும் வேற வேற.

இப்ப அந்த ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். தற்காலிக இடத்தில் இம்போர்ட் செஞ்சா பூலோட பேர் கேஷ் கோப்பில் ஏறாது. அடுத்த பூட்டில் அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் சிஸ்டம்டி பூலைத் தேடும். கோப்பே இல்லை, அதனால இம்போர்ட்டும் இல்லை. அதுக்காக பூட் நிக்கவும் இல்லை. அதுக்கு மேல, படங்களுக்கான அடைவை நானே கையால உருவாக்கி வச்சிருந்தேன், வெறும் காலி அடைவு. என் பழைய ஸ்கிரிப்ட் வந்து பார்த்துச்சு: "ஓ, எல்லாத்தையும் அழிச்சுட்டார் போல". அழிஞ்சதைப் பேக்கப்பிலும் அழின்னு ஆர்சிங்க்குக்குச் சொல்லி வச்சிருந்தது நான்தானே!

மூலப் படங்கள் பூலில் பத்திரமா இருந்துச்சு. ஆனா திரும்ப நகல் எடுத்து முடியிற வரைக்கும் பொண்ணு முதல்ல நடந்த வீடியோவுக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

இப்ப என் ஸ்கிரிப்டில் முதல் வேலை இதுதான்: மவுன்ட் ஆன பிறகு மட்டுமே கண்ணுக்குத் தெரியுற மாதிரி, படங்களுக்கு நடுவில் ஒரு சின்ன அடையாளக் கோப்பு. அது இல்லைன்னா உடனே வெளியே போயிடு. சாதாரண ஷெல்லில் ரெண்டே வரி, எந்த இயங்குதளத்திலும் ஓடும். வரிசை சரியா இருக்கும்னு நம்புறதை விட்டுட்டேன். இலை இருக்கான்னு குனிஞ்சு பார்த்துட்டுத்தான் சோறு :-)

டிஸ்கி: இது எந்த இயங்குதளத்தையும் குறை சொல்ற பதிவு இல்லீங்க. தப்பு பூராவும் என்னுது.