காத்தோங் அடுக்களையும் பொட்டல மாவும்

தீபாவளிப் பலகாரத் தட்டில் முறுக்குக்கும் நெய்யுருண்டைக்கும் பக்கத்தில் நெய்ப் பிஸ்கோத்து வைப்பது சிங்கப்பூர்த் தமிழர் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. வாயிலிட்டதும் கரையும் இச்சிறு பண்டத்தை இங்குள்ளோர் 'சூஜி பிஸ்கோத்து' என்பர். சூஜி என்பது ரவையைக் குறிக்கும் வட இந்தியச் சொல். காத்தோங் வட்டார யுரேசியர் கிறிஸ்துமஸுக்கும் திருமணத்துக்கும் செய்யும் சூஜி கேக்கிலும் அதே சொல்லே நிலைத்திருக்கிறது. ஒரு சொல் இத்தனை அடுக்களைகளில் ஏறி இறங்கியது தற்செயலன்று.

1966ஆம் ஆண்டு கிழக்குக் கடற்கரையில் நிலமீட்புப் பணி தொடங்கும்வரை காத்தோங் உண்மையிலேயே கடலோர ஊர். தென்னந்தோப்புகளுக்கிடையே பெரானாக்கான் சீனரும் யுரேசியரும் வாழ்ந்தனர்; செண்பக விநாயகர் கோயில் அமைந்த சிலோன் சாலையை ஒட்டி இலங்கைத் தமிழரும் வாழ்ந்தனர். பண்டிகைதோறும் தட்டுகள் வேலி தாண்டின. தட்டோடு செய்முறையும் தாண்டியது.

செய்முறை என்றாலும் அதற்கு அளவு கிடையாது. பெரானாக்கான் மூதாட்டியர் 'அகாக்-அகாக்' என்றனர். தமிழ்ப் பாட்டியர் 'கைக்கணக்கு' என்றனர். இரண்டும் ஒன்றே. மாவு எவ்வளவு நெய்யைக் குடிக்கும் என்பதை விரல்களே அறியும். இந்த அறிவுக்கு ஒரு குறை உண்டு: அருகில் நின்று பழகாதவர்க்கு அது கிட்டாது. மகள் அலுவலகத்துக்குப் போகத் தொடங்கிய தலைமுறையில் அக்குறை வெளிப்பட்டது. திருமதி லீ சின் கூன் தம் பெரானாக்கான் சமையலை 1974இல் நூலாக வெளியிட்டபோது, கைக்கணக்கு அச்செழுத்தில் ஏறியது. எழுதாவிட்டால் மறையும் என்ற கவலை அத்தகைய முயற்சிகளுக்குப் பின்னால் இருந்தது.

அளவை எழுதி வைப்பதோடு நில்லாமல், அளந்தே கொடுத்துவிடுவது பொட்டல மாவு. அதன் பிறப்பிடம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம். வெல்லப்பாகு வணிகம் நடத்திய டஃப் நிறுவனத்தார், பாகைக் கோதுமை மாவோடு சேர்த்து உலர்த்தித் தூளாக்கினர்; 1933இல் அதற்குக் காப்புரிமை பெற்றனர். முதலில் முட்டையும் தூளாகவே உள்ளே இருந்தது; நீர் மட்டும் ஊற்றினால் போதும். ஆனால் 1935இல் கிடைத்த அடுத்த காப்புரிமையிலேயே, இல்லத்தரசிகள் புது முட்டை சேர்க்கவே விரும்புகின்றனர் என்று அந்நிறுவனத்தார் எழுதிவிட்டனர். 1950களில் உளவியலார் ஒருவர் ஆராய்ந்து கூறிய பிறகே முட்டை வெளியே வந்தது என்னும் கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. சுவையான கதைதான், ஆண்டுகள் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

பொட்டலத்தை வெறுப்போர், அதில் செய்வது வீட்டுப் பண்டமே அன்று என்பர். இக்கூற்று முழுதும் பொருந்தாது. காத்தோங்கில் பழைய பிஸ்கோத்துக்கும் மாவு கப்பலில்தான் வந்தது. 1960களின் தொடக்கத்தில் பிரிமா நிறுவனம் மாவாலை நிறுவிய பின்னரும் கோதுமை கப்பலில் வந்தது. கேக் வாங்கும் வழக்கமும் பழையதே. ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் 1925இல் தொடங்கிய காத்தோங் பேக்கரி, 'சிவப்பு வீடு' எனப் பெயர் பெற்று, பல தலைமுறையினருக்குப் பிறந்தநாள் கேக் தந்தது. கட்டடம் பழுதுற்று 2003இல் அது மூடப்பட்டபோது வருந்தியவர்களில் வீட்டிலேயே சுட்டுப் பழகியவர்களும் இருந்திருப்பர்.

கேக்குக்கென்று வாங்கிய பொட்டலத்தைப் பிஸ்கோத்தாக மாற்றுவது இல்லத்தரசிகளின் உத்தி. பொட்டலத்தில் உள்ளவை மாவு, சர்க்கரை, உப்பவைக்கும் தூள். நீரை முற்றிலும் விலக்கி, இரண்டு முட்டையும் அரைக் கோப்பை எண்ணெயும் மட்டும் சேர்த்தால் ஊற்றும் பதம் போய் உருட்டும் பதம் வரும். எண்ணெய்க்குப் பதிலாக உருக்கிய நெய்யைச் சேர்க்கும் தமிழ்ப் பெண் பாட்டியின் வாசனையை உள்ளே புகுத்துகிறாள். ரவை ஒரு பிடி தூவினால் பழைய கரகரப்பும் கிட்டும்.

பிறகு 175 பாகை வெப்பத்தில் எட்டு முதல் பத்து நிமிடம் என்பது கணக்கு. ஓவனுக்கு ஓவன் அது மாறும். பிஸ்கோத்து வெந்து முடியும்போது மென்மையாகவே இருக்கும். ஆறிய பிறகே இறுகும். கெட்டியாகட்டும் என்று காத்திருந்தால் கருகிவிடும். ஓரம் இலேசாகச் சிவந்து, நடுப்பகுதி இன்னும் வேகாதது போல் தோன்றும் வேளையில் தட்டை வெளியே எடுக்கவேண்டும். அந்த வேளையை அட்டைப்பெட்டியின் பின்புறம் சொல்வதில்லை. கதவுக் கண்ணாடியருகே நிற்பவளே பார்த்துக்கொள்கிறாள்.