செத்தல் வறுபடும் வாசம்

தாச்சியில் செத்தல் மிளகாய் வறுபடத் தொடங்கினால் அடுத்த வளவுக்காரருக்கும் தும்மல் வரும். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் தூள் வறுப்பதை வேறு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாம் தனித்தனியாகத்தான் தாச்சிக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதம். வெந்தயம் கொஞ்சம் கருகினாலும் முழுத் தூளும் கசந்துவிடும். கறிவேப்பிலை கையில் நொறுங்கவேண்டும், செத்தல் கருஞ்சிவப்பாகவேண்டும். பிறகு உரலில் இடித்து அரிதட்டில் அரிப்பார்கள். தட்டில் தங்கும் கப்பி மறுபடியும் உரலுக்குப் போகும். சூடு முழுதாக ஆறினபிறகே போத்தலில் அடைப்பார்கள். அவசரப்பட்டால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

இலங்கையின் தெற்கில் வறுத்த கறித்தூளில் பெரும்பாலும் மிளகாய் சேராது. காரத்தைத் தனியாகப் போடுவார்கள். யாழ்ப்பாணத்தார் மிளகாயையும் சேர்த்தே வறுத்து இடிப்பார்கள். அதனால்தான் அங்கே வெறுமனே ‘தூள்’ என்றாலே போதும். இறைச்சி வாங்கி வந்தால் இந்தத் தூளும் உப்பும் தேசிப்புளியும் போட்டுப் பிரட்டி ஊறவைப்பார்கள். உப்பும் புளியும் இறைச்சியில் சேர்வதற்குள் இஞ்சி, உள்ளி இடிபட்டுவிடும்.

இவ்வளவு உரிமையோடு நாம் சொந்தம் கொண்டாடும் செத்தல், உண்மையில் கடல் கடந்து வந்தது. அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாய், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரின் கப்பல்களோடு இந்தப் பக்கம் பரவியது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் அதே போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. அதற்கு முந்திய சமையலில் காரம் என்றால் மிளகுதான். வந்த காய்க்கு வைத்த பெயரிலேயே அந்தப் பழைய மிளகு இருக்கிறது: மிளகு போன்ற காய், மிளகாய்.

அந்தப் பழைய சுவையை அறிய ஏடு எதையும் புரட்டவேண்டாம். பிள்ளை பெற்ற தாய்க்கு வைக்கும் பத்தியக் கறியை ஒருதரம் ருசித்தால் போதும். அதில் செத்தல் இல்லை. மிளகு, மல்லி, நற்சீரகம், மஞ்சள் அரைத்த சரக்குத்தான். மற்ற எல்லாக் கறியிலும் மிளகாய் இடம்பிடித்துவிட்டது. இந்த ஒரு சட்டி மட்டும் மிளகாய்க்கு முந்திய காலத்திலேயே நிற்கிறது.

இறைச்சி எல்லா வீட்டுக்கும் பொதுவான உணவாக இருந்ததில்லை. சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் (1822–1879) புலால் உண்பதைக் கடுமையாகக் கண்டித்தவர். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் 25 நாளும் மச்சம் தொடாத வீடுகள் இன்றும் ஏராளம். ஆனாலும் தூள் எல்லா வீட்டிலும் உண்டு, கத்தரிக்காய்க்கும் அதே தூள்தான். இறைச்சிக்கென்று வேறாக இருப்பது, இறக்கும்போது தூவும் சரக்குத்தூள்: கறுவா, கராம்பு, ஏலம், பெருஞ்சீரகம்.

கறுவாவும் ஏலமும் குடாநாட்டில் விளைவதில்லை. செத்தல் விளைந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு மேலே கிடக்கும் செம்மண்ணில், கிணற்று நீரை இறைத்து இறைத்து வளர்த்த பயிர் அது. 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, இந்தத் தோட்டங்களுக்கு நாடு முழுவதும் சந்தை திறந்தது. நீர் இறைக்கும் இயந்திரம் வாங்கினவர்களும் கல்வீடு கட்டினவர்களும் அந்த ஆண்டுகளில் பலர். 1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தனா திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தார். மலிவான இறக்குமதி வந்து குவிய, விலை விழுந்தது. ஏழே ஆண்டில் ஏற்றமும் இறக்கமும் கண்ட அந்த விவசாயிகளின் கதை இன்னும் விரிவாக எழுதப்படவேண்டும். ஒரு கரண்டித் தூளுக்குப் பின்னால் அவர்கள் இறைத்த தண்ணீர் இருக்கிறது.

1990இல் உள்நாட்டுப் போர் மறுபடி மூண்டது. பொருளாதாரத் தடை வந்தது, மின்சாரம் நின்றது, மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. மில்லில் அரைத்துப் பழகின கைகள் மறுபடியும் உலக்கையைப் பிடித்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் குடாநாட்டின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது, உரலைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடமுடியவில்லை.

ஆனால் தூள் போயிற்று. 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று சிதறின வீடுகளுக்கு அது பொதியாகவும் பயணப்பெட்டியிலும் போய்ச் சேர்ந்தது. வாசம் வெளியே கசியாமல் இரண்டு மூன்று பைகளில் சுற்றி, உடுப்புக்கு நடுவே வைப்பார்கள். இன்று ரொறன்ரோவின் தமிழ்க் கடைகளிலேயே தூள் வறுத்து அரைத்து விற்கிறார்கள்.

கோடை வந்தால் அங்கே பூங்காவில் தணல் மூட்டுவார்கள். முதல் நாள் இரவே தூளும் உப்பும் தேசிப்புளியும் உள்ளியும் பிரட்டி வைத்த கோழிக்கால், மாட்டிறைச்சி உண்பவர்களுக்குத் தடித்த மாட்டிறைச்சித் துண்டு. தூள் ஏற்கெனவே வறுபட்டது, நேரடித் தணலில் சட்டென்று கருகிவிடும். அதனால் எண்ணெயோ தயிரோ சேர்த்துக் குழைத்துப் பூசுகிறார்கள். தணலின் ஓரமாக வைத்து, அடிக்கடி திருப்புகிறார்கள். கொழுப்பு நெருப்பில் சொட்ட, புகை எழும்புகிறது. பக்கத்து மேசையில் யாரோ தும்முகிறார்கள்.