உறையூர் மனைப்பிணக்கும் இளையோர் உளத்துயரும்

காவிரி முக்கொம்பில் இரண்டாகக் கிளைத்துத் திருவரங்கத் தீவினை இருபுறமும் அணைத்துச் செல்கின்றது. அத்தீவிற்குத் தெற்கே, காவிரியின் தென்கரைப் பக்கத்தே உள்ளது உறையூர். அவ்வூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த வரலாற்றினை நாம் பெரும்பாலும் நட்பின் பெருமைக்குச் சான்றாகவே கற்றும் கற்பித்தும் வருகின்றோம். பிசிராந்தையார் பெயரே முதற்கண் நினைவில் எழும். ஆயின், அந்நிகழ்ச்சியின் தோற்றுவாய் நட்பு அன்று. தந்தைக்கும் மக்கட்கும் நேர்ந்த பிணக்கு ஆகும். மனையிற் பிறந்த பூசல் ஓர் உயிரைக் கொண்டமைக்குத் தமிழிற் கிடைக்கும் பழஞ்சான்றுகளுள் இஃது ஒன்று.

1894-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் வெளியிட்ட புறநானூற்றில், 213-ஆம் பாட்டு புல்லாற்றூர் எயிற்றியனார் பாடியது. தன் மக்கள்மேற் போருக்கு எழுந்த வேந்தனை அவர் தடுக்கின்றார். அவர்கள் தோற்பின் இச்செல்வம் யாருக்கு உரியதாகும்? நீ தோற்பின் மகிழ்வோர் பகைவரல்லரோ? இவ்வாறு வினவும் புலவர், எதிர்த்தெழுந்தோரை ஆராயும் அறிவு முதிராத இளையோர் என்னும் கருத்துப்படச் சுட்டுகின்றார். படைதாங்கும் பருவத்தாரைச் சிறுவர் எனல் பொருந்தாது. எனினும், புலவர் கண்ணுக்கு அவர்தம் இளமையே முற்பட்டுத் தோன்றியது. அறிவுரை நன்று. போரும் நின்றது. ஆனால், மக்கள் ஏன் எதிர்த்தெழுந்தனர் என்பதைப் பாட்டு யாண்டும் வினவவில்லை.

ஈண்டு ஒரு செய்தி நோக்கத்தக்கது. இவ்வரலாறு பற்றிய பாடல்களில் வேந்தன் பேசுகின்றான், பொத்தியார் பேசுகின்றார், புலவர் பலர் இரங்குகின்றனர். மக்களின் சொல் ஒன்றேனும் இல்லை. அவர்தம் பெயரும் இல்லை. உடன் இருக்க விழைந்த பொத்தியாரை, மகன் பிறந்தபின் வருக எனச் சோழன் திருப்பி அனுப்பியதை 222-ஆம் பாட்டு உணர்த்துகின்றது. தன் மக்களால் மனம் முறிந்தவன் பிறர் மனையில் மகப்பேறு காண விரும்பியதை உரையாளர் பெருந்தன்மை என்பர். எனக்கோ அதில் ஆறாத தந்தையுள்ளமே புலப்படுகின்றது. அவன் வடக்கிருந்த இடம் ஆற்றிடைக்குறை என்பது 219-ஆம் பாட்டால் தெரியவருகின்றது. அதனைத் திருவரங்கம் எனத் துணிதற்கு அப்பாட்டிற் சான்று இல்லை.

புறம் பேசாது விட்ட இளையோர் உள்ளத்தை அகம் விரிவாகப் பேசும். மகள் மெலிகின்றாள், உணவு வெறுக்கின்றாள், உறங்காள். தாய் அதனை முருகனால் வந்த அணங்கு எனக் கருதி வெறியாட்டு எடுக்கின்றாள். அல்லது மகளை இற்செறிக்கின்றாள். அன்பு உண்டு, நோய் இன்னதென்னும் தெளிவு இல்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் இத்தடுமாற்றத்தைத் தீர்க்கத் தோழி செவிலிக்கு உரைக்கும் உரையாகும். இதனையே இலக்கணம் அறத்தொடு நிற்றல் என்னும். இளைஞன் தன்னை வருத்தி ஊரறிய மடலேறுவேன் என்பதும் கேட்பார் உளர் என்னும் நம்பிக்கையிற் பிறந்த சொல்லே. இவையெல்லாம் புலனெறி வழக்கம். அக்கால மனைகளின் நேர்ச்சான்று ஆகா. எல்லா மகளிர்க்கும் தோழி வாய்த்தாள் எனக் கொள்வார் இலக்கியத்தை வரலாறாக மயங்குவர். ஆயினும், இளையோர் துயரைப் பெற்றோர் பிறழ உணர்தல் கூடும், இடைநின்று உணர்த்துவார் ஒருவர் வேண்டும் என்னும் தெளிவு அவ்வழக்கினைப் படைத்தோர்க்கு இருந்தமை ஐயமின்றிப் பெறப்படும்.

நம் காலத்து நேர்ச்சான்று வேலூர் மாவட்டத்துக் கணியம்பாடி வட்டாரத்திலிருந்து கிடைக்கின்றது. ஏறத்தாழ 1,08,000 மக்கள் வாழும் அவ்வட்டாரத்தில், 1992 முதல் 2001 வரை 10 முதல் 19 அகவையினர் இறப்புகளை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டனர். தற்கொலை வீதம் இலக்கத்திற்குப் பெண்களில் 148, ஆண்களில் 58. காரணங்களுள் குடும்பப் பூசலும், மனைக்குள் நிகழும் வன்முறையும், தேர்வுத் தோல்வியும், நிறைவேறாக் காதலும், மனநோயும் கூறப்பட்டன. பெண்களின் எண் மிக்கிருத்தல் இற்செறிப்பை நினைப்பிக்கின்றது. ஆயின் ஒன்றை மற்றொன்றன் தொடர்ச்சி என்றல் மிகைக்கூற்றாம். இறப்பின் காரணத்தை உற்றார் வாய்மொழியாற் கேட்டறிவதே அவ்வாய்வின் முறை. வேறு வழியும் இல்லை. உறையூர் மக்களைப் போலவே இவ்விளையோரும் பிறர் சொல்லாலேயே நமக்கு அறிமுகமாகின்றனர்.

உயிரோடிருக்கும்போதே அவர்தம் சொல்லைக் கேட்டற்பொருட்டு 1986-இல் மருத்துவர் இலட்சுமி விசயகுமார் சென்னையில் ‘சிநேகா’ என்னும் அமைப்பினை நிறுவினார். அங்குத் தொண்டர்கள் துயருற்றோர் கூறுவதைக் கேட்கின்றனர். தோழி கேட்டதைச் செவிலியிடம் கொண்டு செல்வாள். இவர்கள் கேட்டதை மறைபொருளாகக் காப்பர். மனையோடு பேசவேண்டிய பகுதி இளையோர்க்கே எஞ்சி நிற்கின்றது.