விற்ற வண்டி யாருடையது?



அடையாறு காந்தி நகரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த குட்டி யானையைப் போன வாரம் விற்றுவிட்டோம். 2011-இல் என் தம்பி தண்ணீர் கேன் வியாபாரத்துக்காக வாங்கிய டாடா ஏஸ். அவனுக்கு இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

2005-இல் இந்த வண்டி சந்தைக்கு வந்தபோது, லாரிக்கும் மூன்று சக்கரச் சுமை வண்டிக்கும் நடுவே ஓர் இடம் காலியாக இருந்தது. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், முக்கால் டன் சுமை, சின்னத் தெருவிலும் திரும்பும் உடம்பு. வடக்கே 'சோட்டா ஹாத்தி' என்றார்கள். நம் ஊரில் குட்டி யானை. அதை நம்பிச் சொந்தத் தொழில் தொடங்கியவர்களில் என் தம்பியும் ஒருவன்.

வாங்க வந்தவர் கோயம்பேட்டில் காய்கறி எடுத்து விற்கும் இளைஞர். பிரேக் லைனிங் தேய்ந்திருப்பது, சைலன்ஸரில் ஓட்டை, பின்கதவுக் கொக்கி பிடிக்காதது என எல்லாவற்றையும் தம்பியே சொல்லிவிட்டான். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, பொதுவாகப் பொருளைப் பார்த்து வாங்குவது வாங்குகிறவர் பொறுப்பு. ஆனாலும் பிரேக்கைப் பற்றிச் சொல்லாமல் விற்க மனசு வருமா? விலையில் எட்டாயிரம் குறைத்துக்கொண்டோம்.

பணத்தை எண்ணும்போது அவர் சொன்னார்: "சார், வண்டிய இப்பவே எடுத்துட்டுப் போறேன். பேர் மாத்துறத அடுத்த எஃப்.சி.க்குப் போறப்ப பாத்துக்கலாம்."

எனக்கு என் சித்தப்பா நினைவு வந்தது. 1993-இல் அவரும் ஒரு பழைய டெம்போவை இப்படித்தான் விற்றார். எழுதாத படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த வருஷம் அந்த வண்டி ஒருவர் மேல் மோதி, அவர் இறந்துபோனார். இன்ஷூரன்ஸும் காலாவதியாகியிருந்தது. நோட்டீஸ் சித்தப்பா பெயருக்கு வந்தது. "வண்டி என்னுடையது இல்லையே" என்று பல வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார். கடைசியில் ஓய்வூதியப் பணத்திலிருந்து இழப்பீடு கட்டினார்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் மனசில் இருந்தது பழைய சட்டம். விற்பனைச் சட்டப்படி விலை பேசி, பொருளைக் கைமாற்றினால் உடைமை மாறிவிடும். 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்கச் சொன்னாலும், ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே உரிமையாளர் என்று பொதுவாக வரையறுக்கவில்லை. 1988-ஆம் ஆண்டின் புதிய சட்டம், 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 2(30) பிரிவு, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றது. ஒரு வரிதான் மாறியது. அது சித்தப்பாவுக்குத் தெரியாது.

இதே போன்ற ஒரு லாரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1993-இல் விற்கப்பட்டு, பெயர் மாற்றாத லாரி 1994-இல் விபத்துக்குள்ளானது. பதிவேட்டில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று 2011-இல் தீர்ப்பு வந்தது. 2018-இல் மூன்று நீதிபதிகள் அமர்வும் இன்னொரு வழக்கில் அதையே உறுதி செய்தது. அதில் வண்டி கை மாறிக் கை மாறிப் போயிருந்தும், முதலில் விற்றவர் தப்பவில்லை. காரணமும் நியாயமானதே. விபத்தில் ஆளை இழந்த குடும்பம், வண்டி யார் யார் கைக்குப் போனது என்று தெருத் தெருவாகத் தேட முடியுமா?

இதையெல்லாம் அந்த இளைஞரிடம் சொன்னேன். "எனக்கும் நல்லதுதானே சார்" என்றார். படிவம் 29, 30 இரண்டிலும் முழுசாக எழுதிக் கையெழுத்திட்டோம். ஒப்படைத்த தேதியும் நேரமும் குறித்து ஒரு ரசீது. இன்ஷூரன்ஸையும் அவர் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்தோம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எல்லாம் சேர்ந்த பிறகுதான் சாவி கை மாறியது. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்கு இரண்டு நாள் ஆனது.

வண்டி தெருமுனை திரும்பும் வரை தம்பி வாசலிலேயே நின்றான். பதினாலு வருஷம் சோறு போட்ட வண்டியல்லவா!

பிள்ளைகளே, எப்போதோ விற்ற ஸ்கூட்டரோ காரோ இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று இன்றைக்கே பரிவாஹன் இணையதளத்தில் பாருங்கள். வகுப்பில் ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொன்னபோது முணுமுணுத்தீர்களே, இந்த 1989-ஐ மட்டுமாவது மறக்காதீர்கள்.